உதவி: பாலிஷ் போட்ட கருப்பு வண்டியில் புகை மாதிரி வெள்ளைப் படலம்

கருப்புக்குதிரை:
வணக்கம். என் கார் கருப்பு. பாலிஷ் போட்டதிலிருந்து வெயிலில் நிறுத்தினால் பானெட், மேற்கூரை, கதவு எல்லாம் புகை படிந்த மாதிரி வெளுத்துத் தெரிகிறது. நிழலில் நன்றாகத்தான் இருக்கிறது. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. என்ன போட்டால் போகும்? ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

நுரைவாளி:
கையால் போட்டதா, மெஷினா? மெஷின் என்றால் வட்டமாக மட்டும் சுற்றுகிற ரோட்டரியா, சுற்றிக்கொண்டே அசைகிற டூயல் ஆக்‌ஷனா? போட்டது பாலிஷா, அதைவிடக் கரடாகத் தேய்க்கிற காம்பவுண்டா, வெறும் வேக்ஸா (மெழுகா)? எல்லாவற்றையும் பாலிஷ் என்றுதான் சொல்கிறார்கள், அதனால் கேட்கிறேன். எந்தத் துணியால் துடைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

மழைத்துளி:
இது கண்டிப்பாகத் தண்ணீர்க் கறை. உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காயவிட்டால் கால்சியமும் மக்னீசியமும் அப்படியே மேலே தங்கிவிடும். கருப்பில் பளிச்சென்று தெரியும். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, வண்டியை நிழலில் வைத்து, துணியை நனைத்து ஒரு நிமிடம் ஒத்தி வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். எனக்கு இப்படித்தான் போனது.

பட்டறைவாசி:
"என்ன போட்டால் போகும்." வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மெஷினில் மாட்டித் தேய்க்கிற பேட் எது, எந்தத் திரவம், பெயிண்ட் கம்பெனியில் அடித்ததா, பிறகு அடித்ததா என்று ஒருவரும் எழுதுவதில்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது, மாத்திரை கொடுங்கள்" என்பது போல இருக்கிறது.
மழைத்துளி, கதவிலும் இருக்கிறது என்று அவர் எழுதியதைப் படித்தீர்களா? தண்ணீர் தேங்கிக் காய்வது படுக்கையான பாகங்களில். அதுவும் வட்டம் வட்டமாக. கதவு முழுக்கச் சீராகப் புகை மாதிரி வராது.

மழைத்துளி:
கதவிலும் வரும் ஐயா. தோட்டத்துக்குத் தெளிக்கிற தண்ணீர் பக்கவாட்டில்தான் அடிக்கும்.

பட்டறைவாசி:
அவர் வண்டியைத் தோட்டத்தில் நிறுத்துகிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

மெழுகுப்பிரியன்:
வேக்ஸைச் சரியாகத் துடைத்து எடுக்காமல் விட்டாலும் இப்படி மூட்டமாக இருக்கும். அதிகமாக அப்பியிருப்பார்கள். அதே வேக்ஸை இன்னொரு முறை மெல்லிசாகப் பூசி, காயவிடாமல் உடனே துடைத்தால் புதியதில் இருக்கும் கரைப்பான் பழையதையும் இளக்கிக்கொண்டு வந்துவிடும். செலவில்லாத வழி. முதலில் இதைப் பாருங்கள்.

கருப்புக்குதிரை:
மெஷின்தான். வட்டமாகச் சுற்றுகிற பெரிய மெஷின். என்ன திரவம் என்று தெரியாது. வினிகர் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. துடைத்தது பழைய பனியன் துணி.

நுரைவாளி:
திரவம் தெரியாது என்றால் போட்டது வேறு யாரோ. இதைக் கேட்டு வாங்கத்தான் இவ்வளவு நேரம்! சரி, ஒரே ஒரு கேள்வி, இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுத்த அன்றே புகை இருந்ததா, கொஞ்ச நாள் கழித்து வந்ததா?
அப்புறம், பனியன் துணியை உடனே நிறுத்துங்கள். அதன் தையல் ஒன்றே போதும் கருப்பில் கோடு போட.

செராமிக்சிங்கம்:
எதற்கு இவ்வளவு குழப்பம்? செராமிக் கோட்டிங் அடித்துவிடுங்கள், பெயிண்ட் மேல் இறுகி நிற்கிற பூச்சு. 9எச் கடினம். வைரம் 10, இது 9. சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது. புகை, கோடு எல்லாம் உள்ளே மறைந்துவிடும்.

பட்டறைவாசி:
இதற்காகத்தான் காத்திருந்தேன். ஐயா சிங்கமே, 9எச் என்பது பென்சில். வரைபடம் போடுகிற பென்சில். அதை 45 டிகிரி சாய்த்துப் பூச்சின் மேல் அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் வரைக்கும் பூச்சு தாங்குகிறது என்று பார்க்கிற சோதனை அது. அந்த வரிசையில் கடைசிப் பென்சில் 9எச். கனிமங்களின் கடினத்தை அளந்து வைரத்துக்கு 10 கொடுக்கிற மோஸ் அளவுகோல் வேறு, இது வேறு. சாலைப் புழுதியில் இருக்கிற குவார்ட்ஸ் மணல் மோஸில் 7. அது உங்கள் செராமிக்கையும் கீறும், முன் கண்ணாடியையும் கீறும்.

செராமிக்சிங்கம்:
என் வண்டியில் அடித்து நாளாகிறது, ஒரு கீறல் கிடையாது. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன், புத்தகத்தில் படித்ததை இல்லை.

சோப்புநுரை:
உங்கள் வண்டி என்ன நிறம் அண்ணே?

செராமிக்சிங்கம்:
வெள்ளை. ஏன்?

சோப்புநுரை:
சும்மாதான் கேட்டேன்.

பட்டறைவாசி:
😀

கருப்புக்குதிரை:
எடுத்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. வீட்டில் ஷாம்பு போட்டுக் கழுவின பிறகுதான் மெதுவாக வந்தது.

நுரைவாளி:
இதுதான் வேண்டியிருந்தது. இனித் தண்ணீர்க் கறை, வேக்ஸ் படிவு இரண்டையும் ஓரமாக வைக்கலாம். வேக்ஸ் படிவு முதல் நாளே தெரிந்திருக்கும், கழுவக் கழுவக் குறையும். உங்களுக்குத் தலைகீழாக நடக்கிறது.

நான் நினைப்பது இது. ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேடும் காம்பவுண்டும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். காம்பவுண்டு பழைய கீறல்களை எடுக்கும், ஆனால் தன் பங்குக்கு மிக நுண்ணிய கோடுகளை விட்டுவிட்டுப் போகும். அதற்கு மேல் மென்மையான பாலிஷ் ஒரு சுற்று ஓட்டினால்தான் அந்தக் கோடுகள் போகும். அந்தச் சுற்றை விட்டிருக்கிறார்கள். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெயும், சில திரவங்களில் நிரப்பியாகவே சேர்க்கிற பொருளும் கோடுகளுக்குள் புகுந்து நிற்கும். அதனால் வண்டியைத் திரும்ப எடுத்த அன்று கண்ணாடி. ஷாம்பு அந்த எண்ணெயைக் கழுவ ஆரம்பித்ததும் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. நிழலில் தெரியாததற்கும் இதுதான் காரணம். டியூப் லைட், மேகமூட்டம் மாதிரிப் பரவலான வெளிச்சத்தில் நுண்கோடு கண்ணுக்குப் படாது. வெயில் ஒரே புள்ளியிலிருந்து வருகிற வெளிச்சம், காட்டிக்கொடுத்துவிடும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். வண்டியை நன்றாகக் கழுவி, பானெட்டில் ஓர் ஓரத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது புகை மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் குறை மேற்பரப்பில். ஈரத்திலும் அப்படியே இருந்தால் பெயிண்டின் மேலடுக்கான நிறமற்ற கிளியர் கோட்டுக்குள் அல்லது அடியில், அதற்கு பாலிஷ் உதவாது. அடுத்தது, ஒரு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்து சுத்தமான மைக்ரோஃபைபரில் தெளித்து, அழுத்தாமல் துடையுங்கள். மிச்சம் இருக்கும் எண்ணெய் போய்விடும். புகை அதிகமானால் என் ஊகம் சரி. குறைந்தால் மெழுகுப்பிரியன் சொன்னது சரி.

அந்த வண்டியில் வட்டமாக இழுத்த ஒளிக்கீற்று மாதிரி, நீங்கள் நகர்ந்தால் கூடவே நகர்கிற தடம் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். அதைத்தான் ஹோலோகிராம் என்கிறோம். ரோட்டரி விட்டுப்போகிற கையெழுத்து.

மெழுகுப்பிரியன்:
ஆல்கஹால் பெயிண்டை உரித்துவிடாதா?

நுரைவாளி:
நன்கு உலர்ந்து இறுகிய கம்பெனி பெயிண்டில் இந்தக் கலவை ஒன்றும் செய்யாது. சமீபத்தில் பெயிண்ட் அடித்த பாகமாக இருந்தால் தொட வேண்டாம்.

பட்டறைவாசி:
நுரைவாளி சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார், எல்லோரும் விடுகிற விஷயம்தான். எவ்வளவு மிச்சம் இருக்கிறது? கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). சாதாரண எழுதும் தாள் ஒன்றின் கனம், அதாவது தடிமன். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுதான். கம்பளிப் பேடும் காம்பவுண்டும் ஒரே அமர்வில் பல மைக்ரான் எடுத்திருக்கும், யாருக்கும் தெரியாது. மறுபடியும் தேய்ப்பதற்கு முன் கனம் அளக்கிற கருவியால் அளக்கச் சொல்லுங்கள். 80க்குக் கீழே காட்டினால் மெஷினைத் தொடாதீர்கள். 200ஐத் தாண்டினால் அந்தப் பாகம் மறுபடி பெயிண்ட் அடித்ததாக இருக்கலாம். சாதாரணக் கருவி மொத்த கனத்தைத்தான் சொல்லும், கிளியர் கோட்டை மட்டும் பிரித்துக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது.

செராமிக்சிங்கம்:
அப்படியானால் மெல்லிசாகப் போன பெயிண்டின் மேல் செராமிக் ஒரு கவசம்தானே?

பட்டறைவாசி:
கோட்டிங் கனமே ஓரிரு மைக்ரான். கவசம் என்று சொல்ல மனசு வரவில்லை.

சோப்புநுரை:
பட்டறைவாசி ஐயா, செராமிக்கை முழுக்க மட்டம் தட்டவும் வேண்டாம். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டாது, கழுவும்போது குறைவாகத் தேய்த்தால் போதும். குறைவாகத் தேய்த்தால் கீறலும் குறைவு. சிங்கம் அண்ணன் வண்டியில் கீறல் இல்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் புகையின் மேல் அடித்தால் புகைக்குப் பூட்டு போட்ட மாதிரி. பிறகு கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

செராமிக்சிங்கம்:
நான் "முதலில் பாலிஷ்" என்றுதான் சொல்ல வந்தேன்.

பட்டறைவாசி:
நீங்கள் எழுதியது மேலேயே இருக்கிறது.

கருப்புக்குதிரை:
தண்ணீர் தெளித்தால் மறைகிறது. ஆல்கஹால் போட்டேன், இன்னும் மோசம். பயமாக இருக்கிறது.

நுரைவாளி:
பயப்பட வேண்டாம், நீங்கள் ஒன்றையும் கெடுக்கவில்லை. மறைந்திருந்தது முழுசாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இனி டூயல் ஆக்‌ஷன் மெஷின், மென்மையான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ். காம்பவுண்டு வேண்டவே வேண்டாம். மெஷின் இல்லை என்றால் வைத்திருப்பவரிடம் இதே மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

டிக்கி மூடியில் இரண்டு அடிக்கு இரண்டு அடி டேப் ஒட்டி அந்தக் கட்டத்தில் மட்டும் ஓட்டுங்கள். வண்டி நிழலில், தகடு தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பேடில் நான்கைந்து சொட்டு போதும். மெஷினின் எடையே போதும், கையால் அமுக்காதீர்கள். குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை மெதுவாக நகர்த்துங்கள். பேடில் பழைய திரவம் அடைத்துக்கொண்டால் அதுவே புதுப் புகையைக் கிளப்பும், கட்டத்துக்கு ஒரு தடவை பேடைப் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கடைசியில் மறுபடி ஆல்கஹால், பிறகு வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஆல்கஹால் போடாமல் பார்த்தால் எண்ணெய் மறுபடியும் ஏமாற்றும். அந்தக் கட்டம் தேறினால்தான் மற்ற இடம்.

பட்டறைவாசி:
பேடில் கருப்பு நிறம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மேலே கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம். விளிம்பு, மடிப்புக்கோடு எல்லாவற்றிலும் டேப். அங்கே பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், முதலில் போவது அதுதான்.

மழைத்துளி:
வினிகரை யாரும் தப்பு சொல்லவில்லையே, அது போதும்.

மெழுகுப்பிரியன்:
ஒரு சந்தேகம், இந்தத் தலைப்புக்கு வெளியேதான். மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது மென்மையாக்கித் திரவம் போடலாமா? என் துணி எல்லாம் தண்ணீரை உறிஞ்சவே மாட்டேன் என்கிறது.

சோப்புநுரை:
போடக் கூடாது. அந்தத் திரவம் நூலிழைகள் மேல் படலம் போட்டுவிடும், அதனால்தான் உறிஞ்சவில்லை. பருத்தித் துணிகளோடு சேர்த்தும் துவைக்காதீர்கள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். தனியாக, சாதாரண சோப்புத் திரவம் போட்டு, அதிகச் சூடில்லாமல் துவையுங்கள்.

கருப்புக்குதிரை:
டிக்கி மூடியில் ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி.

நுரைவாளி:
நல்லது. எந்தப் பேட், எந்தப் பாலிஷ் என்று எழுதினால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும். ஆல்கஹால் போட்டுத் துடைத்த பிறகு பார்த்தீர்களா, அதற்கு முன்பா?

பட்டறைவாசி:
கனம் அளந்தாரா என்று கேளுங்கள்.

செராமிக்சிங்கம்:
இப்போது செராமிக் அடிக்கலாம்தானே?

சோப்புநுரை:
முழு வண்டியும் முடியட்டும் அண்ணே. அடித்தாலும், திட்டாக நின்றுபோன இடத்தை அது இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும். இறுகின பிறகு துணியால் போகாது, மறுபடி பாலிஷ்தான். கருப்பில் அந்தத் திட்டு எண்ணெய்க் கறை மாதிரித் தெரியும்.

நுரைவாளி:
குதிரை, பேட் என்ன என்று மட்டுமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.