வேப் பேட்டரி, காயில் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு (மின்-சிகரெட்) மாறப் பார்க்கிறேன். கையில் இருப்பது 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரியைக் கழற்றி மாட்டும் மாடல். ஒரு பேட்டரியில் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்தில் மேலுறை நகக்கண் அளவு கிழிந்திருக்கிறது. உள்ளே தெரியும் உலோகம் முழுக்க நெகட்டிவ், ஷார்ட் ஆகிவிடும் என்பதால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். புது உறை மாட்டினால் போதுமா, கழித்துவிடுவதுதான் சரியா? குப்பையில் போடவும் கூடாதே, யாரிடம் கொடுப்பது?

அப்புறம் காயில், அதாவது நிக்கோடின் லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள். 0.5 ஓம் என்று போட்டிருக்கிறது. புதுக் காயிலின் பஞ்சில் லிக்விட் விட்டு எவ்வளவு நேரம் ஊறவிடுவீர்கள்? ஊறாமல் இழுத்தால் பஞ்சு கருகித் தொண்டையைப் பிடிக்குமாம். எத்தனை வாட்டில் தொடங்கலாம்? வீட்டில் சின்னக் குழந்தை வேறு. நிக்கோடின் பாட்டிலைப் பூட்டித்தான் வைக்கிறேன். "ஒண்ணும் ஆகாது, சும்மா இழு" வகைப் பதில்கள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.