அதிர்ச்சித் தோல்விக்கு அப்புறம் சீசனை நம்பலாமா, கைகழுவலாமா? எதை வச்சு முடிவு பண்றீங்க?

சனிக்கிழமை_விசில் கேட்டது:

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் பார்க்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. 2024 செப்டம்பர் 7 அன்னிக்கு, தரவரிசையில 5ஆம் இடத்துல இருந்த நோட்டர் டேம் சொந்த மைதானத்துலயே நார்தர்ன் இல்லினாய்கிட்ட 16-14ன்னு மண்ணைக் கவ்விச்சு. அதே டீம் ஃபைனல் வரைக்கும் போச்சு. நவம்பர் 30ல மிச்சிகன்கிட்ட 13-10ல தோத்த ஒஹாயோ ஸ்டேட் கப்பையே தூக்கிச்சு. ஆனா அக்டோபர் 5ல வாண்டர்பில்ட்கிட்ட 40-35ல தோத்த அலபாமா பிளேஆஃப் (சாம்பியனை முடிவு பண்ற நாக்அவுட் சுற்று) பக்கமே வரல. 2025ல யுசிஎல்ஏகிட்ட தோத்த பென் ஸ்டேட், அடுத்த வாரம் நார்த்வெஸ்டர்ன்கிட்டயும் தோத்து, மறுநாளே கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை வீட்டுக்கு அனுப்பிச்சு.

நடந்து முடிஞ்ச பிறகு எல்லாரும் ஞானிதான். தோத்த மறுநாளே, எந்த டீம் தேறும் எது தேறாதுன்னு பிரிக்க வழி இருக்கா? "நம்பிக்கையோட இருங்க" வகை பதில் வேண்டாம்.

தேர்ட்_அண்ட்_லாங்:

ஸ்கோரை மறந்துட்டு பிளே-பை-பிளேயை (ஒவ்வொரு பிளேவும் எப்படி முடிஞ்சதுங்கிற பதிவு) திறங்க. மொத்த யார்டு ஏமாத்தும். எத்தனை பிளேல எடுத்தாங்கன்னு வகுத்துப் பாருங்க. அதைவிட நல்லது சக்சஸ் ரேட். 10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு, ஒவ்வொண்ணும் ஒரு டவுன். முதல் டவுன்ல தேவையான தூரத்துல பாதி, ரெண்டாவதுல 70 சதவீதம், மூணாவது நாலாவதுல முழுசும் எடுத்தா அந்த பிளே வெற்றி. அதாவது ஃபர்ஸ்ட் அண்ட் 10ல (முதல் டவுன், இன்னும் 10 யார்டு வேணும்) 5 யார்டு வந்தா டிக், 4 வந்தா இல்ல. பேப்பர்ல கோடு போட்டே எண்ணிடலாம். இந்த சதவீதத்துல உங்க டீம் முன்னாடி இருந்தும் தோத்திருந்தா, பயப்பட வேண்டியது கம்மி.

அடுத்து டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிராளிகிட்ட பறிகொடுக்கிறது. இதுல எல்லாத்தையும் ஒரே கணக்குல சேர்க்காதீங்க. ஃபம்பிள் ஆகி (கையை விட்டு நழுவி) தரையில உருள்ற பந்து யார் கைக்குப் போகும்ங்கிறது கிட்டத்தட்ட பூவா தலையா. ரிசீவர் (பாஸ் பிடிக்கிறவர்) கையில பட்டு எகிறி எதிராளிகிட்ட போன இன்டர்செப்ஷனும் அப்படித்தான். ஆனா முன்னாடி நின்னு காக்குற லைன் உடைஞ்சு, ஆள் மேல வந்து விழுறப்போ குவாட்டர்பேக் (பந்தை எறியறவர்) அவசரத்துல எறிஞ்சது வேற ரகம். அடுத்த வாரமும் அதே லைன்தான் நிக்கும், அதே தப்பு திரும்ப வரும்.

தேர்ட் டவுன்ல சொதப்பினாங்கன்னா, அது தேர்ட் அண்ட் 2ஆ, தேர்ட் அண்ட் 9ஆன்னு பாருங்க. எப்பவும் 9லயே மாட்டியிருந்தா வியாதி முதல் டவுன்ல இருக்கு.

ப்ளூகோல்டு_பழசு:

மேல சொன்ன கணக்கு சரிதான். ஆனா அதை மட்டும் நம்பியிருந்தா நோட்டர் டேமை அன்னிக்கே தலைமுழுகியிருப்பீங்க. நார்தர்ன் இல்லினாய் 388 யார்டு, நோட்டர் டேம் 286. அவங்க ஆன்டாரியோ பிரவுன் பாஸ் பிடிச்சு ஓடின அந்த 83 யார்டு டச்டவுனைக் கழிச்சாலும் 305 வருது. நோட்டர் டேம் குவாட்டர்பேக் ரைலி லியனார்ட் ரெண்டு இன்டர்செப்ஷன் கொடுத்தார். அவங்களோட ரெண்டு ஃபீல்ட் கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைக்கிற 3 பாயிண்ட் முயற்சி) பிளாக் ஆச்சு, அதுல ஒண்ணு கடைசி நொடிகள்ல அடிச்ச 62 யார்டு முயற்சி. இது அதிர்ஷ்டக் குறைவு இல்ல, நல்லா அடிவாங்கின தோல்வி.

அப்போ நம்பிக்கைக்கு என்ன இடம்? யார் சொதப்பினது, எப்போ சொதப்பினதுன்னு பார்க்கணும். அது சீசனோட ரெண்டாவது மேட்ச். டியூக்ல இருந்து அந்த வருஷம்தான் வந்த குவாட்டர்பேக், புது ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் (தாக்குற ஆட்டத்தை வகுக்கிற கோச்), லைன்ல லெஃப்ட் டேக்கிள் இடத்துல முதல் வருஷப் பையன். இதெல்லாம் ஆட ஆட சரியாகிற விஷயம். டிஃபென்ஸ் விட்டது 16 பாயிண்ட்தான். அடுத்த வாரம் பர்டூ மேட்ச்ல 66-7, லியனார்டே மூணு டச்டவுன் ஓடினார். காலை உபயோகிக்க விட்டதும் ஆஃபென்ஸே மாறிடுச்சு.

அலபாமா கதை நேர் எதிர். வாண்டர்பில்ட் தேர்ட் டவுன்ல 18க்கு 12 எடுத்துச்சு, 42 நிமிஷம் பந்தை வச்சிருந்துச்சு. மைதானத்தை விட்டு வெளிய வர முடியாத டிஃபென்ஸ் ஒரு வாரத்துல குணமாகாது. அடுத்த சனிக்கிழமை சவுத் கரோலினாவை 27-25ன்னு தட்டுத்தடுமாறி ஜெயிச்சாங்க. நிறைய பேர் "அப்பாடா, திரும்பி வந்தாச்சு"ன்னாங்க. அதுக்கடுத்த வாரம் டென்னசி 24-17ல தோற்கடிச்சுது. தோல்விக்கு அடுத்து வர்ற வெற்றியையும் சந்தேகத்தோட பாருங்கன்னு இதுக்குத்தான் சொல்றது.

ஹார்ஸ்ஷூ_பால்கனி:

என்னைக் கேட்டா, முதல் கேள்வியே "நம்மகிட்ட இருந்த நல்ல சரக்கை உபயோகிச்சோமா?"ங்கிறதுதான். மிச்சிகன் மேட்ச்ல ஒஹாயோ ஸ்டேட் 26 தடவை ஓடி எடுத்தது 77 யார்டு. லெஃப்ட் டேக்கிளும் சென்டரும் காயத்துல வெளிய உட்கார்ந்திருந்தாங்க. எதிர்ல மிச்சிகன் டிஃபென்ஸ் லைன்ல மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட்னு ரெண்டு மலை. அந்த மலைக்கு நடுவுலயே திரும்பத் திரும்ப ஓடினாங்க. ஜெரமையா ஸ்மித் மாதிரி ஒரு ரிசீவரை வச்சுக்கிட்டு அவருக்குப் போனது 5 கேட்ச், 35 யார்டு. இதோட 34, 38 யார்டுல ரெண்டு ஃபீல்ட் கோல் மிஸ். டிஃபென்ஸ் விட்டது 13 பாயிண்ட்.

ஆள் பலத்துல குறை இல்ல, பிளே கூப்பிட்ட விதத்துலதான் குறை. அதை மாத்த மூணு வாரம் போதும். டென்னசிய 42-17ல அடிச்சப்போ ஸ்மித்துக்கு 103 யார்டு, ஓரிகன் மேட்ச்ல 187. கோச் ரயன் டேவைத் திட்டித் தீர்த்தவங்க (திட்டினது நியாயம்தான், மிச்சிகன்கிட்ட தொடர்ந்து நாலாவது தோல்வி) ஜனவரில அவருக்கே கைதட்டினாங்க.

சனிக்கிழமை_விசில்:

புரியுது. ஆனா டீம் தேறினாலும், அதுக்குள்ள பிளேஆஃப் கதவு மூடிட்டா? ஒரு தோல்விக்கு எவ்வளவு இடம் இருக்கு?

தேர்ட்_அண்ட்_லாங்:

2014ல இருந்து 2023 வரைக்கும் நாலு டீம் பிளேஆஃப். ரெண்டு தோல்வியோட ஒரு டீம்கூட உள்ள போகல. 2024ல இருந்து 12 இடம். அஞ்சு கான்ஃபரன்ஸ் (டீம்கள் சேர்ந்து ஆடற லீக்) சாம்பியன், மிச்சம் ஏழு தேர்வுக் கமிட்டி கையில. ஒஹாயோ ஸ்டேட் ரெண்டு தோல்வியோட 8ஆவது சீடா (பிளேஆஃப் தரவரிசைல 8ஆவது) போய் ஜெயிச்சது இதனாலதான். 9-3 அலபாமா வெளிய நின்னுச்சு.

ப்ளூகோல்டு_பழசு:

2024, 2025ல நோட்டர் டேமுக்குக் கணக்கு இன்னும் கடுமையா இருந்துச்சு. கான்ஃபரன்ஸ் இல்லாததால சாம்பியன்ங்கிற குறுக்கு வழி கிடையாது, கமிட்டியைத்தான் நம்ப வேண்டியிருந்துச்சு. செப்டம்பர் தோல்விக்கு அப்புறம் மீதி 10 மேட்ச்சையும் ஜெயிச்சுத்தான் உள்ள போனாங்க. 2025ல முதல் ரெண்டு மேட்ச்சும் தோத்துட்டு அடுத்த பத்தையும் ஜெயிச்சாங்க, 10-2, அப்பவும் இடம் கிடைக்கல.

அதனால தோத்த மறுநாள் மீதி ஷெட்யூலை எடுத்து, நல்லா ஓடற டீம், நல்லா எறியற டீம்னு பிரிச்சு எழுதுங்க. உங்க டீமை உடைச்ச அதே ஆயுதம் எத்தனை பேர்கிட்ட இருக்கோ, அத்தனை சனிக்கிழமை ஆபத்து. அடுத்த மேட்ச்ல முதல் ரெண்டு டிரைவ் (பந்து கைக்கு வந்ததுல இருந்து போற வரைக்கும் ஆடறது) பாருங்க, அதே இடத்துல அதே ஆள் நிக்கிறாரா, அதே பிளேதான் கூப்பிடறாங்களான்னு. ஸ்கோர் 40-3ஆ இருந்தாலும் இதுல மாற்றம் இல்லைன்னா நான் டிக்கெட் புக் பண்ண மாட்டேன்.