9.8-க்கு அடுத்து 10.0 வைத்தால் பழைய கோட் எங்கெங்கே உடையும்?

ரிலீஸ்மேசை (கேள்வி):
எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் இப்போது 9.8-ல் இருக்கிறது. அடுத்த பெரிய ரிலீஸுக்கு மார்க்கெட்டிங் பக்கம் "2026" என்ற பெயரைக் கேட்கிறார்கள், டெவலப்பர்கள் 10.0 என்கிறார்கள். வாடிக்கையாளர் கணினியில் இருக்கும் அப்டேட்டர் பத்து வருடப் பழசு, வெர்ஷனை ஸ்ட்ரிங்காகவே, அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்து எழுத்தாக, ஒப்பிடுகிறது. கிளையன்ட் எம்எஸ்ஐ ஃபைலாக (விண்டோஸ் இன்ஸ்டால் ஃபைல்) போகிறது, சர்வர் டெபியன் (ஒரு லினக்ஸ் வகை) பேக்கேஜாக. எந்த எண் வைத்தால் சேதம் குறைவு? விண்டோஸ் 9 வராததற்கும் இதேதான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

பொதிகட்டி:
இரண்டு எண்ணுமே அந்த அப்டேட்டரிடம் தோற்கும். ஸ்ட்ரிங் ஒப்பீடு முதல் எழுத்திலேயே முடிந்துவிடும்: 1 ஆனாலும் 2 ஆனாலும் 9-க்கு முன்னால்தான் வரும். ஆகவே "10.0", "2026" இரண்டுமே 9.8-ஐ விடப் பழையவை என்று முடிவாகும். எரர் எதுவும் வராது, "புதிய அப்டேட் இல்லை" என்று அமைதியாக இருந்துவிடும். இதில் மோசமானதே அந்த அமைதிதான். புகார் வராததால் கோளாறு இருப்பதே தெரியாது.

வழி, நடுவில் ஒரு பாலம் போடுவது. ஒப்பீட்டைத் திருத்திய அப்டேட்டருடன் 9.9 வெளியிடுங்கள். 9.10 என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், பழைய அப்டேட்டர் அதையும் 9.8-க்குக் கீழே தள்ளிவிடும். பழைய முகவரியில் உள்ள அப்டேட் பட்டியல் 9.9-ஐ மட்டுமே காட்டட்டும், 9.9 வேறொரு புது முகவரியைப் பார்க்கட்டும். பழைய முகவரியைச் சீக்கிரம் மூடாதீர்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கப்படும் கிளைக் கணினிக்கு அதுதான் ஒரே வாசல்.

எம்எஸ்ஐ பக்கம் 2026 நடக்கவே நடக்காது. அதன் ப்ராடக்ட் வெர்ஷனில் முதல் இரண்டு எண்களுக்கும் உச்சம் 255, மூன்றாவதற்கு 65535. நான்காவது எண்ணை இன்ஸ்டாலர் கண்டுகொள்வதே இல்லை. 10.0.0.1-லிருந்து 10.0.0.2-க்குப் போனால் அதற்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றம் மூன்றாவது இடத்திலாவது தெரிய வேண்டும்.

டெபியன் எண்களை எண்களாகவே ஒப்பிடுவதால் 10.0-இல் தொல்லை இல்லை. சோதனை ரிலீஸுக்கு (ஆர்சி, ரிலீஸ் கேண்டிடேட்) "10.0~ஆர்சி1" என்று அலைக்குறி போடுங்கள், அது 10.0-க்கு முன்னால் நிற்கும். சிறு கோடு போட்டால் பின்னால் போய்விடும். ஆர்சி போட்ட சர்வரில் அசல் 10.0 ஏறாது.

பைட்கணக்கு:
விண்டோஸ் 9 பற்றி: "விண்டோஸ் 9" என்று தொடங்கினால் அது 95 அல்லது 98 என்று முடிவுகட்டும் கோட் உண்மையிலேயே நிறைய இருக்கிறது. பெயரைத் தவிர்க்க அதுதான் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி செய்ததில்லை.

அதைவிட உங்களுக்குப் பயன்படுவது விண்டோஸ் 95 கதை. புள்ளிக்கு முன்னால் இருப்பது மேஜர், பின்னால் இருப்பது மைனர். "மேஜர் 3-க்குக் குறைவு, அல்லது மைனர் 10-க்குக் குறைவு என்றால் ஓடாதே" என்று விண்டோஸ் 3.10 காலப் புரோகிராம்கள் எழுதப்பட்டிருந்தன. விண்டோஸ் 95-இன் அசல் எண் 4.0. அதில் மைனர் 0, உடனே மறுத்துவிடும். அதனால் அந்தப் பழைய புரோகிராம்களிடம் விண்டோஸ் 95 தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. உங்கள் ப்ளகின்களில் "மேஜர் 9, மைனர் 8" என்று தனித்தனியாகச் சோதிக்கும் வரி இருந்தால் 10.0-இல் அப்படியே விழும்.

பெயர் வேறு, உள் எண் வேறு என்பதற்கும் அங்கேயே முன்மாதிரி உண்டு. விஸ்டா 6.0, விண்டோஸ் 7 உள்ளே 6.1. மேஜர் எண்ணை மட்டும் பார்க்கும் புரோகிராம்கள் உடையக்கூடாது என்றே அப்படி வைத்தார்கள். விண்டோஸ் 11 இன்றும் உள்ளே 10.0 தான், பில்ட் 22000-லிருந்து. ஆகவே பெட்டியில் 2026, உள்ளே 10.0 என்பதே என் தேர்வு.

ரிலீஸ்மேசை:
அப்படியே செய்யலாம். 9.9-க்கு முன் எதையெல்லாம் சோதிப்பது?

கர்னல்திண்ணை:
எண்ணை மட்டும் மாற்றிய ஒரு பில்ட் எடுங்கள், கோடில் வேறு ஒரு வரியையும் தொடாமல். உடைவது எதுவானாலும் எண்ணால்தான் என்று தெரிந்துவிடும். 2022-ல் 100-ஆவது வெர்ஷன் வருவதற்கு முன்பே குரோம், தன்னை 100 என்று சொல்லிக்கொள்ளும் சுவிட்சைக் கொடுத்து இணையதளங்களைச் சோதிக்கச் சொன்னது. மேஜரை 99-லேயே நிறுத்தி அசல் எண்ணை மைனரில் வைக்கும் மாற்றுத் திட்டமும் கையில் இருந்தது.

முதலில் ரெகெக்ஸ்களை (எழுத்து அமைப்பைத் தேடிப் பிடிக்கும் வரிகளை) தேடுங்கள். "ஒரு இலக்கம், புள்ளி, ஒரு இலக்கம்" என்று தொடக்கக் குறி இல்லாமல் எழுதியது, 10.0-லிருந்து 0.0-ஐ எடுக்கும். முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டி எடுக்கும் புரோகிராமிலும் இதே தொல்லை. பைதான் மொழியின் 3.10 வந்தபோது அப்படி வெட்டியதில் அது 3.1 ஆனது. யாமல் ஃபைலில் (செட்டிங்ஸ் எழுதும் ஒரு வடிவம்) மேற்கோள் இல்லாமல் 10.10 என்று எழுதினால் தசம எண்ணாகி 10.1 ஆகிவிடும், எல்லா இடத்திலும் மேற்கோள் போடுங்கள்.

அடுத்து, எண்ணை ஒரே இன்டிஜராக (முழு எண்ணாக) சுருக்கும் இடங்கள். லினக்ஸ் கர்னல் கடைசி எண்ணுக்கு 8 பிட், அதாவது 255 வரை, மட்டுமே ஒதுக்கியிருந்தது. 2021-ல் 4.9.256 வந்தபோது அது வழியாமல் இருக்க, அப்படிச் சுருக்கும் மேக்ரோவில் (சிறு கோட் துண்டில்) 255-லேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உங்கள் லைசென்ஸ் ஃபைலிலும் டேட்டாபேஸிலும் வெர்ஷன் நெடுவரிசை மூன்று எழுத்து அகலமா என்று இன்றே பாருங்கள். "10.0" நான்கு எழுத்து. லைசென்ஸ் கையொப்பம் அந்த அகலத்தை வைத்துக் கணக்கிடப்பட்டிருந்தால், நெடுவரிசையை நீட்டினாலே பழைய லைசென்ஸ் எல்லாம் செல்லாமல் போகும். அப்போது பழைய நெடுவரிசையில் 9.9 என்றே விட்டுவிட்டு, அசல் எண்ணுக்குப் புது நெடுவரிசை ஒன்று சேருங்கள்.