காய்ந்த புல் நிறைய இருந்தும் சினை ஆடுகள் இளைக்கின்றன, உதவி தேவை

காய்ந்தபுல்:
வணக்கம். என்னிடம் 60 செம்மறிப் பெட்டைகள் இருக்கின்றன. முக்கால்வாசி சினை, கிடா சேர்த்த கணக்குப்படி ஐந்து வாரத்தில் ஈனத் தொடங்கும். மழை நின்று நாலு மாதமாகிறது. மேய்ச்சல் நிலத்தில் காய்ந்த புல் முழங்கால் உயரம் நிற்பதால் தனியாகத் தீவனம் எதுவும் கொடுக்கவில்லை. மாலையில் பட்டிக்குத் திரும்பும்போது வயிறு உப்பலாகத்தான் இருக்கிறது. ஆனால் முதுகில் கை வைத்தால் எலும்பு தட்டுகிறது. போன மாதம் குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. தண்ணீருக்கும் குறையில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பட்டிக்காவல்:
தம்பி, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். புழுக்கை எப்படி இருக்கிறது? கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பா, வெளுப்பா?

காய்ந்தபுல்:
இமை நல்ல சிவப்பு அண்ணா. புழுக்கை சின்னதாக, கல் மாதிரி இருக்கிறது. உடைத்துப் பார்த்தேன், உள்ளே நார் நாராக அப்படியே இருக்கிறது.

பட்டிக்காவல்:
அப்படியென்றால் ரத்தம் குடிக்கும் புழுவாக இருக்க வாய்ப்பு குறைவு. இது புரதப் பஞ்சம். விதை உதிர்ந்து காய்ந்த புல்லில் புரதம் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான். நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்களுக்குத் தீவனத்தில் 7 சதவீதமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் தின்ற புல் கரையாமல் இரைப்பையிலேயே தங்கிவிடும். வயிறு காலியாகாததால் ஆடும் மேற்கொண்டு தின்னாது. இந்த நேரத்தில் வயிற்றை நம்பாதீர்கள், முதுகை நம்புங்கள்.

கடலைப் புண்ணாக்கு ஆட்டுக்கு நாளுக்கு 100 முதல் 150 கிராம் கொடுங்கள். முதல் நாள் 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். பழகிய பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மடங்காகவும் வைக்கலாம். அளவு கூடுதலாக இருப்பதால் ஒதுங்கி நிற்கும் ஆட்டுக்கும் பங்கு கிடைக்கும். தொட்டியில் ஓர் ஆட்டுக்கு ஒரு முழம் இடமாவது இருக்கட்டும். தானியத்தை மட்டும் இப்படி விட்டு விட்டுக் கொடுக்கக் கூடாது, வயிற்றில் புளிப்பேறி ஆடு செத்துவிடும்.

மாட்டுக்கு வைத்திருக்கும் தாது உப்பை இவற்றுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு விஷமாகும்.

காய்ந்தபுல்:
யூரியாவைக் கரைத்துப் புல்லில் தெளித்தால் செலவு குறையுமா? அப்புறம் இன்னொன்று. ஓர் ஆடு நேற்றிலிருந்து மந்தையோடு சேராமல் தனியே நிற்கிறது. பல்லை நறநறக்கிறது, கண் தெரியாதது போல வேலியில் முட்டுகிறது.

ஆட்டுமருத்துவம்:
யூரியா பேச்சை விட்டுவிட்டு முதலில் அந்த ஆட்டைக் கவனியுங்கள். அது சினை நஞ்சாக இருக்கலாம், இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்குத்தான் அதிகம் வரும். குட்டியின் எடையில் சுமார் 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறும். தீவனம் போதாதபோது தாய் தன் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கிறது. கொழுப்பு கரையும்போது உண்டாகும் கழிவு மூளையைத் தாக்குகிறது. இன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். அவர் வரும்வரை, விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும், புரோபிலீன் கிளைக்கால் (ஆட்டுக்குச் சக்தி தரும் திரவ மருந்து) 60 மில்லி வாயோரமாக மெல்ல ஊற்றுங்கள். தலையை அண்ணாத்தாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

யூரியா தெளிப்பு வேண்டாம். ஒரே இடத்தில் அதிகம் விழுந்து பசித்த ஆடு தின்றால் ரத்தத்தில் அமோனியா ஏறிச் சீக்கிரமே விழும்.

காய்ந்தபுல் (ஆறு வாரம் கழித்து):
அந்த ஆடு பிழைத்துக்கொண்டது. இரட்டைதான் ஈன்றது, ஒன்று செத்துப் பிறந்தது, மற்றது எழுந்து நிற்க வெகுநேரமானது. தாயிடம் சீம்பால் கொஞ்சம்தான் இருந்தது, பீய்ச்சிப் பாட்டிலில் கொடுத்தேன். இப்போது குட்டி தானாகவே பால் குடிக்கிறது. மற்ற ஆடுகளின் புழுக்கை நாலாம் நாளே மெத்தென்று ஆகிவிட்டது அண்ணா, முதுகிலும் லேசாகச் சதை தட்டுப்படுகிறது. அடுத்த தடவை கிடா சேர்க்கிற நாளிலேயே புண்ணாக்கு கணக்கையும் போட்டு வைக்கிறேன்.