கண்காணிப்பு இயக்கங்களால் உண்மையில் என்ன பயன்?

செந்தூல்வாசி:
வணக்கம். மலேசியாவில் தூய்மையான தேர்தலுக்காகப் போராடும் பெர்சே, மனித உரிமைக்காகப் பேசும் சுவாராம், சீர்திருத்தம் கோரும் அலிரான் போன்ற அரசு சார்பற்ற இயக்கங்கள் அறிக்கை விடுகின்றன; மறுநாள் நாளேட்டில் நான்கு வரி வருகிறது; அதோடு பேச்சு ஓய்ந்துவிடுகிறது. இவற்றால் அரசாங்கமோ ஊடகமோ பதில் சொல்ல நேர்ந்திருக்கிறதா? வெளிநாட்டு நிதி வாங்குவோரைச் சுயேச்சையானவர்கள் என்று எப்படிச் சொல்வது என என் மாமா கேட்கிறார்; என்னிடம் பதில் இல்லை.

கெப்போங் வாக்காளர்:
அறிக்கையை வைத்து எடை போட்டால் உங்கள் ஐயம் நியாயமே. ஆனால் உண்மையான வேலை வேறெங்கோ நடக்கிறது. 2016 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் தொகுதி எல்லைச் சீரமைப்பைப் பார்வைக்கு வைத்தபோது, ஆட்சேபிக்க ஒரு மாதமே அவகாசம் இருந்தது. வாக்காளர்கள் ஆட்சேபிப்பதானால், அத்தொகுதியைச் சேர்ந்த 100 பேராவது சேர வேண்டும் என்கிறது கூட்டரசு அரசமைப்பின் 13-ஆவது அட்டவணை. எங்கள் அடுக்குமாடியின் கீழுள்ள கடையில், தே தாரேக் குவளைகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்து, அடையாள அட்டை எண்ணும் கையொப்பமுமாக அந்த நூறு பேரைச் சேர்க்க நான்கு மாலைகள் ஆயின. படிவத்தை நிரப்பவும், எந்த வாதம் எடுபடும் என்று அறியவும் கற்றுத் தந்தவர்கள் ஓர் இயக்கத்தின் தொண்டர்கள். 2018 மார்ச்சில் நாடாளுமன்றம் புதிய எல்லைகளை அங்கீகரித்துவிட்டதால், வென்றோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் தொகுதி வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள்.

முன்னாள் துணையாசிரியர்:
ஊடகத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 1984-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி நாளேட்டின் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்த காலத்தில், டிசம்பர் நெருங்கினாலே எங்கள் தலைப்புகள் தாமாக மென்மையாகிவிடும். எவரும் தொலைபேசியில் மிரட்ட வேண்டியதில்லை. 2012-இல் வந்த திருத்தம் அந்தப் புதுப்பிப்பை நீக்கியதோடு, அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்க்கவும் வழிவிட்டது. பத்திரிகையாளர்களும் சுதந்திர இதழியல் மையம் போன்ற அமைப்புகளும் பல ஆண்டுகள் விடாமல் கேட்டுவந்த ஊடக மன்றம் 2025-இல்தான் சட்டமானது. செய்தி தவறென்றால் வாசகரே அங்கு முறையிடலாம். (எங்கள் காலத்தில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவார்கள், அது குப்பைத் தொட்டிக்குப் போகும்.)

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, உங்கள் மாமாவின் கேள்வி சரியானது. சங்கமாகப் பதிவு பெறுவது கடினமாக இருந்ததால், சுவாராம் போன்ற சில இயக்கங்கள் நிறுவனமாகவே இயங்குகின்றன. ஆகவே அவற்றின் ஆண்டுக் கணக்கை நிறுவன ஆணையத்தில் கட்டணம் செலுத்தி எவரும் வாங்கிப் பார்க்கலாம். யார் பணம் தந்தார்கள் என்பதைவிட, அந்தப் பணம் தந்தவரையும் அவர்கள் விமர்சித்திருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.