மறு: ‘முனைக்கு முனை மறையாக்கம்’ என்ற சொல் குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிக்னல் என்ற செய்திச் செயலியின் சேவையைக் கட்டளைவரியிலிருந்து (கட்டளைகளைத் தட்டச்சுசெய்து) பயன்படுத்துவதற்கான தமிழ்க் கையேட்டின் முதல் இயலைச் சென்ற வாரம் இங்கே இட்டிருந்தேன். செய்தியை அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் மட்டுமே திறக்கக்கூடியவாறு பூட்டி அனுப்பும் முறைக்கு (ஆங்கிலத்தில் end-to-end encryption) அதில் நான் கையாண்ட ‘இருமுனை மறையாக்கம்’ என்ற சொல்லுக்கு வந்த மறுமொழிகளுள் இரண்டை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

> ‘இருமுனை’ என்பதைவிட ‘முனைக்கு முனை’ என்பதே தெளிவு. பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டிய தேவை என்ன?

தேவை உண்டு என்று சில நாள் முன்பு வரை நானும் எண்ணியிருக்கவில்லை. பாலக்கோட்டுக்கு அருகில் என் பெரியப்பாவின் தோட்டத்து மோட்டார் அறையில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு கையடக்கக் கணினியை வைத்திருக்கிறேன். மும்முனை மின்சாரம் வந்தவுடன், சிக்னல்-சிஎல்ஐ என்ற நிரலின் வழியாக அவருடைய கைப்பேசிக்கு ஒரு வரிச் செய்தி போகும். அவர் வீட்டிலிருந்து கிளம்பி வந்து தக்காளிக்குத் தண்ணீர் விடுவார். எல்லாம் பொருத்தி முடித்த அன்று, சோதனைச் செய்தியாக, ‘இச்செய்தி இருமுனை மறையாக்கத்துடன் வருகிறது’ என்று சற்றுப் பெருமையோடு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பெரியப்பா அழைத்துவிட்டார்: “ஏம்பா, ரெண்டு முனைதான் வருதா? அப்ப மோட்டார் போடக் கூடாதே, காயில் போயிடுமே!”

அவர்மீது பிழையில்லை. பேச்சில் ‘த்ரீ பேஸ்’ என்றே சொன்னாலும், நாளிதழிலும் மின்வாரிய அறிவிப்பிலும் அவர் ஆண்டுக்கணக்காகப் படித்து வருவது ‘மும்முனை மின்சாரம்’ என்பதையே. அவருக்கு இருமுனை என்றால் ஒரு முனை போய்விட்டது என்றுதான் பொருள். ‘முனைக்கு முனை’ என்று மாற்றினால் இந்தக் குழப்பம் குறையும் என்பது உண்மை, தீராது. கையேட்டிலோ வேறொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கட்டளையை இடும் கறுப்புத் திரையை நாம் ‘முனையம்’ என்று வழங்கி வெகுகாலமாகிறது. அதை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆகவே, ‘முனையத்தில் இக்கட்டளையை இட்டால், முனைக்கு முனை மறையாக்கம் பெற்ற செய்தி மறுமுனைக்குச் சேரும்’ என்று என் இயலின் ஒரு சொற்றொடர் மாறிவிடும். எழுதிய எனக்கே அதை உரக்கப் படிக்க முடியவில்லை.

ஆனால் ஒலி மயக்கம் மட்டுமே காரணமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ‘முனை’ என்ற சொல் படிப்பவர் மனத்தில் ஆளை நிறுத்துகிறது என்பதே என் பெரிய மனக்குறை. இந்த முனையில் நான், அந்த முனையில் பெரியப்பா என்று அவர் எண்ணிக்கொள்கிறார். கைப்பேசியில் அந்த எண்ணம் ஓரளவு செல்லும். கட்டளைவரிக்கு வந்தவுடன் வெளுத்துவிடுகிறது. சிக்னல்-சிஎல்ஐ என்பது சிக்னல் நிறுவனம் வெளியிட்டதன்று, ஆர்வலர்கள் எழுதிப் பேணும் கட்டற்ற மென்பொருள். அதில் ஓர் எண்ணைப் பதிவுசெய்ய வேண்டுமானால், மனிதர்தாம் என்று காட்டும் ஒரு சோதனையை உலாவியில் முடித்து, குறுஞ்செய்தியில் வரும் குறிமுறையைக் கட்டளையில் சேர்த்து உறுதிசெய்ய வேண்டும். குறுஞ்செய்தி வாங்க இயலாத வீட்டுத் தொலைபேசி எண்ணாக இருந்தால், குரல் அழைப்பில் அந்த எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாமென்றால், நிரல் தரும் இணைப்பு முகவரியைக் கியூஆர் கட்டமாக மாற்றிக் கைப்பேசியால் வருடி, இருக்கும் கணக்கின் துணைக்கருவியாகச் சேர்த்துவிடலாம். எந்த வழியில் போனாலும், மறையாக்கத்துக்கான திறவுகோல்கள் அந்தக் கணினியில், அந்தப் பயனருக்கான ‘வீட்டு அடைவு’ என்ற கோப்புறைக்குள், கோப்புகளாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த அடைவைப் படிக்க முடிந்தவர் எவரோ அவரே ‘முனை’. என் கதையில் முனை என்பது நானல்லேன். பூட்டில்லாத மோட்டார் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கும் ஒரு சிறு பெட்டி.

(இடையே ஒன்று: செய்தியை அனுப்ப மட்டும்தானே போகிறோம் என்று ‘பெறு’ கட்டளையை ஓட்டாமல் விட்டுவிடாதீர்கள். வரும் செய்திகளை அவ்வப்போது பெற்றுக்கொண்டே இருப்பது இந்த மறையாக்கம் ஒழுங்காக நடப்பதற்கு வேண்டிய ஒன்று. நான் முதலில் விட்டுவிட்டேன். இரண்டாம் இயலில் இதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.)

அப்படியானால் இந்த மறையாக்கம் உண்மையில் தரும் உறுதி என்ன? இரு பக்கத்திலும் இருப்பவர் யார் என்பதைப் பற்றி அது பேசவில்லை. நடுவில் செய்தியைச் சுமந்து செல்லும் சேவையகத்தால் அதைத் திறக்க முடியாது என்பது மட்டுமே அதன் உறுதி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரிக்கு வரும் பேருந்தில், நடத்துநரிடம் ஒரு பையைக் கொடுத்து, ‘பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல அண்ணன் வந்து வாங்கிக்குவார்’ என்று சொல்லி அனுப்புவது நம் பக்கத்தில் இன்றும் உண்டு. பையின் வாயைச் சணலால் கட்டியிருப்பார்கள். எங்கே ஏற்றினார்கள், எங்கே இறக்க வேண்டும், எவ்வளவு கனம் என்பதெல்லாம் நடத்துநருக்குத் தெரியும். உள்ளே இருப்பது மருந்தா மாம்பழமா என்பது தெரியாது. அவர் நினைத்தால் சணலை அவிழ்க்கலாம், அவிழ்க்காதது அவருடைய நேர்மை. சேவையகமோ நினைத்தாலும் அவிழ்க்க இயலாது, ஏனெனில் திறவுகோல் அதனிடம் இல்லை. உவமை அவ்விடத்தில் நின்றுவிடுகிறது. ஆனாலும் பெயர் வைக்க வேண்டிய இடம் நடுவே தவிர ஓரமன்று என்பதை அது காட்டிவிடுகிறது.

> அப்படியென்றால் ‘இடையறியா மறையாக்கம்’ எனலாமே. நடுவில் இருப்பவர் அறியாதது.

அழகான ஆக்கம், இரண்டு நாள் அதையே மனத்தில் வைத்திருந்தேன். இரண்டு காரணங்களால் விட்டேன். முதலாவது, சற்று விழுங்கிப் படித்தால் ‘இடையறா’ ஆகிவிடும். ‘இடையறாத மின்சாரம்’ என்று எழுதிப் பழகிய கை தானாகவே அப்படி எழுதும். இரண்டாவது, அது மிகையான உறுதி. நடுவில் இருப்பவர் ஒன்றுமே அறியார் என்பது சரியன்று. 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி) பயனர் விவரங்களைக் கேட்டபோது, சிக்னலை நடத்தியவர்களால் கொடுக்க முடிந்தவை கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நேரமுமே. மிகச் சிறிது, ஆனாலும் அறிந்ததுதான். 2018இல் உறையின் மேல் அனுப்புநர் பெயரையும் மறைக்கும் வழியைக் கொண்டுவந்தார்கள். பெறுநர் யார் என்பதை மறைக்க வழியில்லை, தெரியாவிட்டால் எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

ஆகவே என் முன்மொழிவு: ‘இடைதிறவா மறையாக்கம்’. நடுவழியில் திறக்கப்படாதது, அவ்வளவே. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் பள்ளிப் பாடநூல் வழியாகவே நமக்குப் பழகியது: ஒளிபுகாப் பொருள், ஒலிபுகா அறை, நீர்புகாத் துணி. அவற்றைக் கேட்டு யாரும் மிரண்டதில்லை. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப்பும் சிக்னலின் நெறிமுறைக்கு முழுதாக மாறிய பிறகு, இந்தத் தொழில்நுட்பம் ஊரில் ஒவ்வொரு கையிலும் இருக்கிறது; அதன் பெயரைப் பெரியப்பா போன்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

‘மறையாக்கமா, குறியாக்கமா’ என்ற பழைய வழக்கை மறுபடியும் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் வேலைக்குக் ‘குறியாக்கம்’ என்ற சொல் போய்விட்டது. ஒருங்குறி (யூனிகோடு) பற்றி எழுதுகிறவர்கள் அதை விட்டுத்தர மாட்டார்கள். செய்தி உரியவருக்கே போகிறதா என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அறுபது இலக்கச் சரிபார்ப்பு எண்ணை யாரோ ‘கைரேகை’ என்று பெயர்த்திருந்தீர்கள். ரேஷன் கடையில் பெருவிரலை வைத்துக் காத்திருக்கும் ஊரில் அது வேண்டாம், ‘பாதுகாப்பு எண்’ போதும்.

அன்புடன்,
காரிமங்கலத்திலிருந்து

---

வணக்கம். கிருஷ்ணகிரியில் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில் மூன்று செய்திகள்.

சொல்லின் போக்கு எனக்கு உடன்பாடே. ஆனால் இடைத்தேர்தல், இடைச்செருகல், இடைக்காலம் என்று பழகிய காதுக்கு ‘இடைதிறவா’ என்பது பாதியில் நின்றது போலிருக்கிறது. ‘இடைத்திறவா’ என்று ஒற்று மிகுத்து எழுதலாம். இரண்டு வடிவமும் உலவினால் தேடுபொறியில் இரண்டும் தனித்தனியே கிடக்கும். ஆதலால் இப்போதே ஒன்றை உறுதிசெய்துவிடுங்கள்.

இரண்டாவது ஓர் ஐயம். ‘திறவா’ என்றால் திறக்கவில்லை என்றுதானே பொருள்? திறக்க இயலாது என்பது அதில் எங்கே இருக்கிறது? தங்கள் நடத்துநரும் திறக்கவில்லை, தங்கள் சேவையகமும் திறக்கவில்லை. சொல் இருவரையும் ஒரே தட்டில் வைக்கிறதே.

மூன்றாவது, கையேட்டில் முதன்முதல் வரும் இடத்திலாவது ‘முனைக்கு முனை’ என்ற வழக்கையும் உடன் தாருங்கள். அதை அறிந்து வருகிறவர்களை வாசலில் நிறுத்தக் கூடாது.

---

அம்மா, வணக்கம்.

ஒற்றை ஏற்றுக்கொண்டேன், இனி ‘இடைத்திறவா’. மூன்றாவதையும் அப்படியே ஏற்கிறேன்.

இரண்டாவது ஐயத்துக்கு நேற்றிரவு முழுதும் மறுமொழி தேடினேன். ‘இடையில் திறக்கவியலா’ என்று நீட்டினால் பொருள் துல்லியமாகும், ஆனால் பொத்தானில் அடங்காது. ‘நீர்புகா’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நீர் புகவில்லை என்ற செய்தியை அது சொல்கிறதா, புக முடியாது என்ற தன்மையைச் சொல்கிறதா? துணிக்கு அடையாக வரும்போது அது தன்மையைத்தான் சொல்கிறது. நனையாமல் மடித்து வைத்த வேட்டியை நாம் நீர்புகா வேட்டி என்பதில்லை. அதுபோல மறையாக்கத்துக்கு அடையாக வரும் ‘இடைத்திறவா’வும் தன்மையையே குறிக்கும் என்று கொள்கிறேன். நடத்துநர் கையிலுள்ள பையை நாம் ‘இடைத்திறவாப் பை’ என்று சொல்ல மாட்டோம், ‘நடுவில் பிரிக்காத பை’ என்போம். வேறுபாடு மெல்லியதுதான், இருந்தாலும் வழக்கில் நிற்கும் என்றே தோன்றுகிறது.

மோட்டார் அறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சோதனைச் செய்தியையும் மாற்றி, ‘இச்செய்தி இடைத்திறவா மறையாக்கத்துடன் வருகிறது’ என்று நேற்று மாலை மறுபடி அனுப்பினேன். பெரியப்பா அழைத்து, “யாரு திறக்க மாட்டாங்க?” என்று கேட்டார். நடுவில் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் என்றேன். “சரி, திறக்க வேணாம். த்ரீ பேஸ் வந்துச்சா, அதச் சொல்லு” என்றார்.

இரண்டாம் இயலை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.