நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரி: மைனஸ் 30-லும் 45-லும் ஒரே செல் போதுமா?

கடுங்குளிர்:
குளிர்காலத்தில் மைனஸ் 30, கோடையில் 45 டிகிரி. ஆளில்லாத சோலார் நிலையம், தினமும் ஒரு சார்ஜ்-இறக்கச் சுற்று. இதற்கு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி) ஒத்துவராது, நிக்கல்-ஹைட்ரஜன்தான் சரி என்பேன். பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் ஆனோடில் (எதிர்மின் தகட்டில்) லித்தியம் உலோகமாகப் படியும். நிக்கல்-ஹைட்ரஜனில் இருப்பது சுமார் 30 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், மைனஸ் 50-லும் உறையாது. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் 1990-ல் போட்ட செல்களை 2009-ல்தான் மாற்றினார்கள்.

ஆம்பியர்மணி:
ஹப்பிளை இழுக்காதீங்க. அங்கே செல்லை 0 டிகிரியை ஒட்டியே வைத்திருந்தார்கள். 45-ல் நிக்கல் தகடு முழுசா சார்ஜ் ஏறும் முன்பே ஆக்சிஜன் கிளம்பிடும். அது எதிர்த்தகட்டில் ஹைட்ரஜனோடு சேர்ந்து தண்ணீராகும், சூடு இன்னும் ஏறும். வெந்நீர் போடவா பேட்டரி? சும்மா வைத்தாலும் ஹைட்ரஜன் நிக்கல் தகட்டோடு நேரடியாக வினைபுரிந்து சார்ஜைத் தின்னும்.

கடுங்குளிர்:
தினம் சார்ஜ் ஏறுகிற இடத்தில் சுயஇறக்கம் பெரிய விஷயமில்லை. அதோடு, சார்ஜ் ஏற ஏற செல்லுக்குள் ஹைட்ரஜன் வாயு கூடும்; அதன் பிரஷரைப் பார்த்தே எவ்வளவு சார்ஜ் என்று சொல்லிவிடலாம். லித்தியத்தில் அது முடியாது.

ஆம்பியர்மணி:
கணக்குப் போடுங்க. 100 ஆம்பியர்-மணிக்கு 3.76 கிராம் ஹைட்ரஜன். செல்லுக்குள் வாயுவுக்கான காலி இடம் 1.2 லிட்டர் என்றால் 20 டிகிரியில் அதனால் ஏறும் அழுத்தம் 38 பார். அதே வாயு மைனஸ் 20-ல் 33, 45-ல் 41. வெப்பத் திருத்தம் இல்லாத கன்ட்ரோலர் குளிரில் ‘இன்னும் நிறையல’ என்று ஓவர்சார்ஜ் பண்ணும், சூட்டில் சீக்கிரமே நிறுத்தும்.

கடுங்குளிர்:
திருத்தத்தை யார் வேண்டாம் என்றது? தெர்மிஸ்டரை (வெப்பநிலை அளக்கும் சென்சார்) செல்லின் அழுத்தக் கலனின் வெளிச்சுவரில் ஒட்டி, அளந்த அழுத்தத்தை 293-ஆல் (20 டிகிரியின் கெல்வின் அளவு) பெருக்கி கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் போச்சு.

தகடு:
நடுவில் ஒன்று. அந்தத் திருத்தமும் நிலைக்காது. நிக்கல் தகடு மெல்ல அரித்து ஹைட்ரஜனை விடும், அதனால் சார்ஜ் இறங்கிய செல்லின் அழுத்தமே வருஷத்துக்கு வருஷம் உயரும். அவ்வப்போது செல்லை 1.0 வோல்ட் வரை இறக்கி, அந்த அழுத்தத்தைப் புதிய பூஜ்யமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆம்பியர்மணி:
நல்லா சொன்னீங்க. எல்எஃப்பியில் தொல்லை ஒன்றுதான்: காலையில் பேனல் கரன்ட்டை முதலில் ஹீட்டருக்குத் திருப்பி, செல் 5 டிகிரி தாண்டின பிறகு சார்ஜுக்கு விடணும்.

கடுங்குளிர்:
அப்படித் திருப்புகிற ரிலே (சுவிட்ச்) ஒட்டிக்கிட்டா? ஆளில்லாத இடம் ஐயா. கோடைக்கு நான் செய்வது, கலன்களை நிழலில் வைத்து 80 சதவீத அழுத்தத்தில் நிறுத்துவது. ஆக்சிஜன் கிளம்புவது பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான்.

ஆம்பியர்மணி:
சோலார் கரன்ட் வருவதே சூடு ஏறும் நேரத்தில். அப்போ 100 வேண்டிய இடத்தில் 125 ஆம்பியர்-மணி வைக்கணும். அந்த 25-ஐயும் சேர்த்து ஒப்பிடுங்க.